ஆறு மணிக்கு மேல் நிற்கக் கூடாது

மாலை ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சந்தனமாரி தன் ஆட்டோவின் முன்சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினாள். சக்கரத்தின் பக்கவாட்டில் நான்கு பாதிக் குடங்கள் கட்டியிருந்தன. இரண்டு பிளாஸ்டிக் குடங்களை நெடுக்காக அறுத்துச் செய்தவை. கடலிலிருந்து தெருவழியே வந்த காற்று குடங்களுக்குள் புகுந்து தள்ளியது. சக்கரம் சுற்றத் தொடங்கியது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. அரசாங்கத்தின் கணக்கில் மட்டும் அது ஓடிக்கொண்டிருந்தது.

தூத்துக்குடி வத்தல்கிடங்குத் தெருவில் அப்படி நாற்பது ஷேர் ஆட்டோக்கள், வரிசையாக, எங்கும் போகாமல் ஓடின.

பெட்ரோலும் டீசலும் ஒழிந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. மாநில ஊர்தி ஆற்றல் வாரியம் ஊரெங்கும் தெருக்களுக்கு அடியில் மின்சுருள் வலையைப் பதித்து அவற்றை மின்சாலைகள் ஆக்கிவிட்டது. பகலில் வெயில் மின்சாரம் பொங்கி வழியும். அப்போது சாலையே மேலே இருக்கும் வண்டிகளுக்கு மின்னூட்டும். மாலை ஆறு முதல் ஒன்பது வரை வெயில் இராது, ஊரெல்லாம் விளக்கும் அடுப்பும் எரியும். அந்நேரம் சாலை தன் மேல் நிற்கும் வண்டிகளிலிருந்து மின்சாரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஐந்தில் ஒரு பங்கை விட்டுவைக்கும். எடுக்கத் தொடங்கிவிட்டால் ஒன்பது மணி வரை சக்கரம் பூட்டிக்கொள்ளும். எடுத்ததை மறுநாள் காலை பத்து மணிக்குத் திருப்பித் தரும். இதற்கு ‘மீள்மின் திட்டம்’ என்று பெயர். வெளிநாட்டில் விருதெல்லாம் வாங்கிய திட்டம்.

குறை சொல்ல முடியாத திட்டம்தான், பத்து மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு. உப்பளத்துப் பெண்கள் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்புகிறவர்கள்.

இந்த ஆட்டோக்கள்தான் அவர்களை உப்பளத்தில் கொண்டுபோய் விடும். பதினைந்து கிலோமீட்டர் மண்பாதை. அங்கே மின்சுருள் கிடையாது. ஐந்தில் ஒரு பங்கு மின்சாரத்தில் ஆட்டோ பாதி வழியில் நின்றுவிடும். திட்டம் வந்த முதல் மாதம் பெண்கள் மீதி வழியை நடந்தே போனார்கள். நேரம் கழித்து வந்தவர்களைக் கங்காணி திருப்பி அனுப்பினான். சந்தனமாரி ஆட்டோ ஓட்ட வருமுன் பன்னிரண்டு வருடம் உப்பு வாரியவள். கால் வெடிப்பு இன்னும் ஆறவில்லை. அவள் வாரியத்துக்கு மூன்று முறை மனு போட்டாள். மூன்று முறையும் ஒரே பதில்தான் வந்தது: பணி நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். வெயில் ஏறுமுன் உப்பு வாராவிட்டால் பாத்தியில் கால் வைக்க முடியாது என்பது பதில் எழுதியவருக்குத் தெரியவில்லை. சூரியனுக்கு மனு போடச் சொல்லாமல் விட்டார்களே, அதுவரைக்கும் சந்தோஷம்.

நாலாவது மனு எழுதுவதற்குப் பதிலாக அவள் விதிகளை வாசித்தாள். ‘நிற்கும் வண்டி’ என்றால் ஐந்து நிமிடமாகச் சக்கரம் சுற்றாத வண்டி என்று எழுதியிருந்தது. சுற்றுகிறதா என்று பார்க்க ஒவ்வொரு வண்டியின் முன்சக்கரத்திலும் அசைவெண்ணி என்ற சின்னக் கருவியை வாரியம் பொருத்தியிருந்தது. வண்டி நகர வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை.

அன்றைக்கே குடத்தை அறுத்தாள். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரன் இசக்கிராஜுக்குப் பயம்.

“எக்கா, இது திருட்டு இல்லையா?”

“என் வண்டியில இருக்க கரண்ட நான் வச்சுக்கிடுதேன். இதுல திருட்டு எங்கலே இருக்கு?”

நாலு மாதம் ஒரு பெண்கூட நடக்கவில்லை. ஐந்தாம் மாதம் முதல் தேதி தெருவில் அறிவிக்கை ஒட்டினார்கள்.

மாநிலத்தின் சாலைகளை எல்லாம் அகலமாக்குவதா, மூடுவதா என்று முடிவு செய்வது வழிக்கணி என்ற இயந்திரம். யார் எங்கே போகிறார் என்று அது பார்க்கக் கூடாதென நீதிமன்றம் தடுத்திருந்தது. அதனால் ஒவ்வொரு தெருவின் மேலும் எத்தனை சக்கரச் சுற்று நடந்தது என்று அசைவெண்ணிகள் சொல்வதை மட்டும் எண்ணும். அதன் எண்ணிக்கைப்படி வத்தல்கிடங்குத் தெருவில் நாலு மாதத்தில் வண்டிகள் இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தன. கடல் சுவரில் போய் முட்டி நிற்கும் ஒரு முட்டுச்சந்து, மாநிலத்திலேயே நெரிசலான சாலை ஆகிவிட்டது. உடனடியாக எண்பதடிச் சாலை வேண்டும் என்று கணி ஆணையிட்டது. முப்பத்துநாலு வீடுகள் போகும். ஏழாவது வீடு சந்தனமாரியுடையது. உப்பு வாரிய பன்னிரண்டு வருடத்தில், ஒரு வருடம் சுவர், ஒரு வருடம் கூரை என்று அவள் எழுப்பிய வீடு.

அவள் வாரிய அலுவலகத்துக்குப் போனாள். துறைமுகச் சாலையில், கடலைப் பார்த்து நிற்கும் ஏழு மாடிக் கண்ணாடிக் கட்டடம். மாவட்ட அதிகாரி திருநாவுக்கரசு மரியாதையாக உட்கார வைத்துப் பேசினார்.

“கணி எழுதினதை நான் மாத்த முடியாதும்மா. முப்பது நாளைக்குள்ள ஆட்சேபணை போடுங்க.”

“யாருகிட்ட சார் போடணும்?”

“கணிகிட்டதான்.”

பிறகு குரலைத் தாழ்த்தினார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. “சக்கரம் சும்மா சுத்துச்சுன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா வீடு தப்பிக்கும். ஆனா நாப்பது வண்டியையும் பறிமுதல் பண்ணிடுவாங்க. யோசிச்சுக்கோங்க.”

வீடா, வண்டியா என்று கேட்கிறார். எதைக் கொடுத்தாலும் மற்றதை வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது. அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. படியிறங்கி வரும்போது கட்டடத்தின் முன்னால் இருந்த பலகையைப் பார்த்தாள்: ‘பொதுமக்கள் வண்டி நிறுத்துமிடம். மனு கொடுக்க வருவோர் இரவு ஒன்பது மணி வரை காத்திருக்கலாம்.’ அலுவலகம் ஐந்தே முக்காலுக்கே மூடிவிடும் என்பது வேறு விஷயம்.

சாயங்காலம் தெருவில் கூடிப் பேசினார்கள். வண்டிகளைப் பக்கத்துத் தெருவில் கொண்டுபோய் நிறுத்தினால் கணியின் பார்வை அங்கே போய்விடும் என்றான் இசக்கிராஜ். அந்தத் தெருக்காரர்களோடு தண்ணீர்க் குழாய்ச் சண்டை பல வருடமாக இருந்தது. நாலைந்து பேர் தலையாட்டினார்கள்.

“அங்க இருக்கவனுக்கு வீடு இல்லையா? அவன் பிள்ளையள எங்க கொண்டுபோய் வைப்பான்?” என்று சந்தனமாரி சீறினாள். “விதிய எழுதுனவன் வாசல்லயே சுத்துவோம். அவனுக்குத் தெரியட்டும்.”

மறுநாள் முதல் நாற்பது ஆட்டோக்களும் ஐந்தரை மணிக்கே துறைமுகச் சாலைக்குப் போய்விட்டன. ஆளுக்கொரு மனுவைக் கையில் வைத்துக்கொண்டு, ஜாக்கியைப் போட்டு, சக்கரத்தைத் தூக்கிவிட்டுக் காத்திருந்தார்கள். துறைமுகக் காற்றுக்குத் தெருக்காற்று எம்மாத்திரம்? குடங்கள் பிய்த்துக்கொண்டு போய்விடுமோ என்று பயப்படும்படி சுற்றின. காவலாளி முதல் நாள் விரட்டினான். மனுவைக் காட்டினார்கள். இரண்டாம் நாள் பலகையைக் காட்டினார்கள். மூன்றாம் நாள் அவனே ஒரு குடத்தின் கயிற்றை இறுக்கிக் கட்டிக் கொடுத்தான். அவன் மனைவியும் உப்பளத்துக்குப் போகிறவள்.

பதினெட்டாம் நாள் வத்தல்கிடங்குத் தெரு, அகலமாக்க வேண்டிய சாலைகளின் பட்டியலிலிருந்து மறைந்தது. இருபத்திரண்டாம் நாள் வாரியத்தின் கடைநிலை ஊழியர் ஒருவர், வந்த அறிவிக்கையைப் பசை தடவித் தன் அலுவலகக் கண்ணாடிக் கதவிலேயே ஒட்டினார். சாலை விரிவாக்கத்துக்காக ஏழு மாடியும் இடிக்கப்படும். ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் தெரிவிக்கலாம்.

அன்று ஐந்தே முக்காலுக்குத் திருநாவுக்கரசு வீட்டுக்குப் போகவில்லை. நேராகச் சந்தனமாரியிடம் வந்தார். ஆட்டோக்களை எடுத்துவிடச் சொன்னார். பறிமுதல் என்று மிரட்டிப் பார்த்தார். அவர்களே எழுதிக் கொடுக்காமல் அது நடக்காது என்பது நினைவுக்கு வந்ததும் கெஞ்சினார். மறுநாள் காலை எட்டு மணிக்குத் திருநெல்வேலியில் மேலிட விசாரணை. அதற்குள் சாலை அமைதியாகிவிட்டதென்று அவர் காட்டியாக வேண்டும். அவள் ஒரே ஒரு வரி கேட்டாள். நாலு மணிக்கு வேலைக்குப் போகிற வண்டியைத் தொடக்கூடாது என்று விதியில் எழுத வேண்டும். அதற்குக் குழு கூட வேண்டும், இரண்டு வருடம் ஆகும் என்றார் அவர்.

“இப்படிச் செய்யலாம்மா. வண்டிகளைத் தெற்கே குப்பம் பக்கம் கொண்டுபோய் வச்சுக்கோங்க. அங்க பூரா புறம்போக்கு. ஆட்சேபணை போட ஆளில்லை.”

“எங்க தெருவிலயும் ஆளில்லன்னுதான் சார் நெனச்சிய.”

பேச்சு நீண்டுகொண்டே போனது. ஆறு அடித்து ஐந்து நிமிடமும் ஆகிவிட்டது. அவருக்குப் பின்னால் நின்ற அவருடைய சொந்தக் காரில், சாலை மின்சாரம் எடுப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியதைச் சந்தனமாரி பார்த்தாள், வாய் திறக்கவில்லை. பாவம், அவருக்கு இது புதிது. அதிகாரிகளின் குடியிருப்பில் சாலைக்கடியில் வலை பதிக்கவில்லை. அந்தத் திட்டத்தை எழுதிய ஒருவர்கூட ஆறு மணிக்கு மின்சாலையில் வண்டியை நிறுத்தியது கிடையாது.

திரும்பிப் பார்த்தவர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். சக்கரம் பூட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே அளவுமானி இறங்குவதைப் பார்த்தார். பிறகு, யாருக்கும் கேட்காதபடி, “ஒரு ஜாக்கி இருக்காம்மா?” என்றார்.

“தாரேன் சார். குடமும் ஒண்ணு மிச்சம் கெடக்கு. ஆனா உங்க சக்கரம் சுத்துனாலும் அது உங்க ஆபீஸ் கணக்குலதான் ஏறும், பரவாயில்லையா?”

அவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். நாற்பது சக்கரங்கள் அவரைச் சுற்றிக் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன.

“நான் காலையில எட்டு மணிக்குத் திருநெல்வேலியில இருக்கணும்மா.”

“பத்து மணிக்குத் திருப்பித் தந்துருவாவ சார்” என்றாள் சந்தனமாரி. “வேணும்னா வேலை நேரத்த மாத்திக்கிடுங்க.”