நர்ஸக்கா விட்ட கொட்டாவி

சந்தியா பாயோரம் உட்கார்ந்து தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி சித்து காலையிலிருந்து வாந்தியும் வயிற்றுப்போக்குமாகக் கிடந்தான். வாய் ஓயாமல் பேசுகிறவன், இப்போது கண்ணைத் திறக்கக்கூட மாட்டேன் என்கிறான்.

புயல் மழையில் மரக்காணம் உப்பளமெல்லாம் ஏரியாகிவிட்டது. வெள்ளம் குடிநீர்க் கிணற்றுக்குள்ளும் புகுந்திருந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்த பல வீடுகளில் இதே நோய்தான்.

கிராம நர்ஸ் வினோதினி நேற்றே வந்து, தெருமுனைத் தொட்டியில் லாரித் தண்ணீரை நிரப்பி, குளோரின் மருந்து போட்டுவிட்டுப் போயிருந்தார். ஆனால் யாரும் அதைத் தொடவில்லை.

"மருந்து நாத்தம் அடிக்குது. யாரும் குடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டார் எதிர்வீட்டு சடையப்பன்.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. இந்தக் கடற்கரையில் முன்பு ஒருமுறை விஷச் சாராயம் குடித்துப் பலர் செத்துப்போனார்கள். அதிலிருந்து, வாசனை வருகிற எதைக் கண்டாலும் ஊருக்கே நடுக்கம். அதனால் எல்லோரும் கிணற்றுத் தண்ணீரையே குடித்தார்கள்.

இன்று முழங்கால் சேற்றில் நடந்து மறுபடியும் வந்தார் வினோதினி. சித்துவின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். உடம்பில் நீர் வற்றியதில் கிள்ளிய மடிப்பு உடனே படியவில்லை. அவர் முகம் மாறியது.

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். ரோட்ல தண்ணி நிக்குது, வர லேட்டாகும். அதுவரைக்கும் இதைக் கொஞ்சம் கொஞ்சமா குடுத்தே ஆவணும்" என்று, குடத்தில் கொண்டுவந்திருந்த தொட்டித் தண்ணீரைச் சொம்பில் எடுத்து ஓ.ஆர்.எஸ். பொடியைக் கலக்கி, டம்ளரில் ஊற்றினார்.

"வேணாங்க! அந்தத் தண்ணிய எம்புள்ளைக்குக் குடுக்கமாட்டேன்" என்று தடுத்தாள் அம்மா பாக்கியலட்சுமி.

வாசலில் தெருவே கூடிவிட்டது. சந்தியா தவித்தாள். குடிக்காவிட்டால் தம்பி பிழைக்கமாட்டானோ? குடித்தால் ஏதாவது ஆகிவிடுமோ?

அவள் டம்ளரைப் பார்த்தாள். பிறகு நர்ஸைப் பார்த்தாள்.

"அக்கா, மொதல்ல நீங்க குடிங்க."

"ஏய், பெரியவங்ககிட்ட என்னடி பேச்சு?" என்று அதட்டினாள் அம்மா.

"கரெக்டாத்தான் கேக்குது" என்ற வினோதினி, குடத்திலிருந்த தொட்டித் தண்ணீரை ஒரு டம்ளர் மொண்டு மடமடவென்று குடித்தார்.

சடையப்பன் விடவில்லை. "சாராயம் குடிச்சவனும் மொதல்ல நல்லாத்தான் நடந்தான். வீட்டுக்குப் போன பொறவுதான் விழுந்தான்."

"அப்ப அக்கா வீட்டுக்கே போவேணாம். இங்கயே உக்காரட்டும், எல்லாரும் பாத்துக்கினே இருங்க" என்றாள் சந்தியா. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா தம்பி அவ்ளோ நேரம் தாங்கமாட்டாம்மா. நர்ஸக்காதான் குடிச்சிட்டாங்களே!"

அம்மா மகனைப் பார்த்தாள். ஸ்பூனை எடுத்தாள்.

முதல் வாயை சித்து அப்படியே கக்கிவிட்டான். சந்தியாவுக்கு உயிரே போய்விட்டது.

"பயப்படாத. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் குடு" என்றார் வினோதினி. அவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தெருவே அவரை வைத்த கண் வாங்காமல் பார்த்தது. அவர் தும்மினால் நாலு பேர் எழுந்து நின்றார்கள். ஒருமுறை பெரிதாகக் கொட்டாவி விட்டார்.

"ஐயையோ, மயக்கம் வருது!" என்று அலறினாள் பக்கத்து வீட்டு ஆராயி.

"மயக்கம் இல்லீங்க. புயல் வந்ததுலேர்ந்து தூங்கல" என்றார் வினோதினி.

ஆராயி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு தன் குடத்தை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் நடந்தாள். அவள் பின்னால் இன்னொரு குடமும் போனது.

உள்ளே சந்தியாவும் அம்மாவும் மாறி மாறி ஊட்டினார்கள். சித்து இப்போது கக்கவில்லை. ஆனால் கண்ணையும் திறக்கவில்லை. சந்தியா தனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டுவிட்டாள்.

ஆம்புலன்ஸ் இன்னும் வந்தபாடில்லை. பொழுது சாயும் நேரத்தில் சித்துவின் உதடு அசைந்தது.

"அக்கா... ஒண்ணுக்கு வருது."

வினோதினி துள்ளி எழுந்ததில் நாற்காலி கவிழ்ந்தது. "வந்துடுச்சா? உடம்புல தண்ணி ஏறிடுச்சு! பொழச்சிக்கினான்!"

அம்மா ஓவென்று அழுதாள். சந்தியா அழுதுகொண்டே சிரித்தாள். சடையப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாசலை அடைத்து நின்ற கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்:

"டேய், வழி விடுங்கடா! புள்ளை ஒண்ணுக்குப் போவணும்!"