நீல ஓரப் பாய்

"எத்தனை விரல்?" என்று கேட்டாள் லெசியெலி.

சிசிலியா கிழவி கட்டுப் பிரித்த கண்ணைச் சிமிட்டினாள். கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைத்தாள்.

"விரல் எங்க தெரியுது டாக்டரம்மா? முன்னாடி நிக்கிற ஆள நகந்துக்கச் சொல்லுங்க."

முன்னால் யாரும் இல்லை. கிழவியின் முகத்துக்கும் லெசியெலியின் கைக்கும் நடுவே ஒரு முழம் வெறும் காற்றுதான்.

அந்த வெளித்தீவின் சபைக் கூடத்துக்குள் காலை வெயில் சன்னலின் சாய்வுக் கண்ணாடிகள் வழியாகப் பட்டை பட்டையாக விழுந்துகொண்டிருந்தது. மருந்து வாசனையோடு வாசலில் ஓடும் ஜெனரேட்டரின் டீசல் நெடியும், பின்கட்டில் பெண்கள் தேங்காய்ப்பாலில் வேகவைக்கும் சேப்பங்கீரையின் மணமும் கலந்து வந்தன. நேற்று கண்புரை அறுவை செய்துகொண்ட பதினெட்டுப் பேர் நீளப் பெஞ்சில் வெள்ளைக் கட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எந்தக் கண் என்று தவறிவிடக் கூடாதே என்று ஒவ்வொருவர் புருவத்துக்கு மேலும் அவள் ஊதா மையால் போட்ட அம்புக்குறி வியர்வையில் கலைந்திருந்தது. ஆண்டுக்கு ஒரு முறை கிடைக்கும் காலை இது. கட்டைப் பிரித்ததும் சிரிப்பார்கள், அழுவார்கள், பேரனின் மூக்கைப் பிடித்து இழுப்பார்கள்.

"அந்தக் கண்ண மூடிட்டுப் பழைய கண்ணால பாருங்க, பாட்டி."

"பழசுல யாரும் இல்ல. புதுசுலதான் நிக்கிறாரு." கிழவி சிரித்தாள். "நல்லா ஆபரேஷன் பண்ணியிருக்கீங்க, போங்க. இல்லாத ஆளெல்லாம் தெரியுது!"

பெஞ்சே சிரித்தது. லெசியெலியும் சிரித்துவைத்தாள்.

அடுத்தவர் மோசேசே, படகோட்டி. கட்டை அவள் மெதுவாக உரித்தாள்.

"எத்தனை விரல்?"

"அவரு யாரு, டாக்டரம்மா? எனக்கு முதுகக் காட்டிட்டு உங்களையே பாத்துட்டு நிக்கிறாரு. வரிசைல வரச் சொல்லுங்க. நான் விடியுமுன்ன வந்தவன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பாவம், யாரு வீட்டுத் துக்கமோ. தலை வரைக்கும் பாய் சுத்தியிருக்காரு."

துக்கம் காக்கிறவர்கள் அங்கே இடுப்பில் பாய் சுற்றுவார்கள்; தலை வரைக்கும் யாரும் சுற்றுவதில்லை. அவள் கை இறங்கியது.

ஆக்லாந்தில் பத்து ஆண்டுகள், கண்ணாடியைத் தூக்கிப் போட வந்தவர்களுக்கு லேசர் போட்டவள் அவள். 'பச்சை ஒளியையே பாருங்கள், அசையாதீர்கள்' என்று ஆயிரம் முறை சொன்ன வாய். ஊருக்குத் திரும்பியபின் தீவு தீவாகப் போய்ப் புரை எடுக்கிறாள். புதுக் கண் முதல் நாள் என்னென்ன காட்டும் என்று அவளுக்குத் தெரியும். ஒளிவட்டம் காட்டும், நீலம் தூக்கலாகத் தெரியும், மூடுபனி போல இருக்கும். ஆள் தெரியாது. அதுவும் இரண்டு பேருக்கு ஒரே ஆள்.

மூன்றாவது ஆள் கூச்சக்காரப் பெண். விரல் எத்தனை என்று கேட்குமுன்பே சொன்னாள்.

"நல்ல பாய். பழைய நெசவு. ஓரத்துல நீலக் கம்பளி நூல் வெச்சுத் தைச்சிருக்கு. ஆனா நனைஞ்சிருக்கு டாக்டரம்மா. சொட்டுது."

நீல ஓரம்.

அந்தப் பாயை அவளே அனுப்பினாள். கிடியோனே செத்த வீட்டுக்கு. அவள் அம்மாவின் பெட்டியிலிருந்த ஒரே நல்ல தாழைப்பாய். அதில் சுற்றித்தான் புதைத்தார்கள் என்று கேள்விப்பட்டாள்.

கிடியோனேவுக்கு ஒரு கண்தான். மற்றது சிறுவயதில் மீன்குத்தும் ஈட்டியில் போனது. போன ஆண்டு இதே கூடத்தில் அவர்தான் கடைசி ஆள். கிருமி போக வேகவைத்த கருவிகள் பாதி வெந்திருக்கும்போது ஜெனரேட்டர் நின்றது. உதவி டாக்டர் ஃபோலாவ் கேட்டான், மறுபடி வேகவைக்கலாமா என்று. மாலைப் படகைப் பிடிக்க வேண்டும். 'போதும், குடு' என்றாள். மூன்றாம் நாள் கண் முழுக்கச் சீழ் என்று செய்தி வந்தது; இருந்த ஒரு கண்ணும் போனது. 'நோயாளி கடல்நீரில் முகம் கழுவினார்' என்று அறிக்கையில் எழுதினாள். ஃபோலாவ் வாயைத் திறக்கவில்லை. கழுவ விட்ட பாவி என்று ஊரே அவர் மனைவியை ஏசியது. நான்கு மாதம் கழித்துக் கிடியோனே படகுத்துறையின் விளிம்பைத் தாண்டி நடந்துவிட்டார்.

"ஃபோலாவ், இங்க வா. என் வலது கண்ணப் பாரு."

ஒரு மாதமாக அந்தக் கண்ணில் மஞ்சள் கலந்த பழுப்பு. தேநீர் வழியாகப் பார்ப்பதுபோல. முற்றும் புரையின் நிறம் அதுதான், அவளுக்குத் தெரியாததா? யாரிடமும் சொல்லவில்லை. நேற்று இடது கண்ணை நம்பியே பதினெட்டையும் முடித்தாள். அடுத்த மாதம் ஆக்லாந்து போய் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தாள். கண் போனால் கை போன மாதிரி. இத்தனை தீவுக்கும் அறுவை செய்ய அவள் ஒருத்திதான்.

மூலையிலிருந்த கண் பரிசோதனை விளக்குக் கருவியில் தாடையை வைத்தாள். குளிர்ந்தது.

"அசையாதீங்க, டாக்டர்," என்றான் ஃபோலாவ்.

ஒளிக்கீற்று கண்ணுக்குள் நகர்ந்தது. நேரம் எடுத்தான்.

"ஒண்ணுமே இல்லயே."

"சரியாப் பாரு. பழுப்பா இருக்கும்."

"சத்தியமா இல்ல, டாக்டர். லென்ஸ் கண்ணாடி மாதிரி இருக்கு. இருபது வயசுப் பிள்ளைக்குக்கூட இப்படி இருக்காது."

கண்ணுக்குள் இருப்பதை எடுக்க அவளுக்குத் தெரியும். ஆயிரக்கணக்கில் எடுத்திருக்கிறாள்.

இது கண்ணுக்குள் இல்லை.

பழுப்பை அவள் முதல் முறையாக உற்றுப் பார்த்தாள். அதில் கோடுகள் இருந்தன. மேலே ஒன்று, கீழே ஒன்று. குறுக்கே ஒன்று. ஒன்றுக்குள் ஒன்று புகுந்த தாழை இழைகள். நெசவு. இழைகளுக்கு நடுவே ஈரம். உப்பு மணம். ஒரு மாதத்துக்கு முன் அது தூரத்துப் புகையாக இருந்தது.

கை நீட்டவில்லை. நீட்டினால் படும்.

"இடது," என்றாள். "இடது கண்ணப் பாரு."

ஃபோலாவ் விளக்கைத் திருப்பினான். நிறுத்தினான். தலையை நிமிர்த்தி அவளை நேராகப் பார்த்தான்.

"டாக்டர்... நெத்தில யாரு அம்புக்குறி போட்டது?"

விரலை வைத்தாள். ஈரம். ஊதா. இடது புருவத்துக்கு மேலே. அம்பின் முனை கீழ்நோக்கி.

பேனா அவள் சட்டைப்பையில் இருந்தது. மூடி இல்லை.

பெஞ்சிலிருந்து சிசிலியா கிழவியின் குரல், சந்தோஷமாக:

"டாக்டரம்மா! இப்போ தெரியுது, உங்க தலைமுடிகூடத் தெரியுது! அவரு குனிஞ்சிட்டாரு. நேத்து நீங்க எங்க மேல குனிஞ்ச மாதிரியே..."

இமைகளை இறுக மூடினாள். இருட்டு வரவில்லை. வலது பக்கம் முழுக்கப் பாய். இடது கண்ணின் ஓரத்தில், மெல்ல மெல்ல, ஒரு நீல நூல்.