பின்னதிர்வு

முப்பத்தொரு நாள், நான்கு மணி நேரம். அண்ணன் சோணைமுத்து கிணற்றோடு புதைந்து அவ்வளவு காலம் ஆன பிறகுதான் சேதுலட்சுமி வேலைக்குத் திரும்பினாள். உத்தரகோசமங்கைச் சாலையில் ஆளில்லாத பழைய பங்களா. அதன் நிலவறையில், அவள் பொறுப்பிலிருந்த நிலநடுக்கம் பதியும் கருவி. இருநூறு கஜம் தள்ளி, மண் போட்டு மூடிய அவர்கள் கிணறு.

நிலவறையில் புகைக்கரி வாடை. கரி பூசிய தாள் சுற்றிய உருளை மெல்லச் சுழல, ஊசி நேர்கோடு கிழித்துக்கொண்டிருந்தது.

பழைய தாள்களை விரித்தாள். கிணறு இடிந்த அன்று அவள் இராமநாதபுரத்திலிருந்து திரும்பியதும், பெற்ற அய்யா பூமிநாதன் அழுதார். "நெலம் ஆடிருச்சு தாயி. கெணறு உள்வாங்கிருச்சு."

தாளும் அதைத்தான் சொன்னது. பெரிய அதிர்வு. பிறகு மூன்று நாள் சின்னச் சின்னத் துடிப்புகள். வெடிக்குப் பின்னதிர்வு கிடையாது, நிலநடுக்கத்துக்கு உண்டு. அண்ணனைத் தோண்டியெடுக்கக் கடப்பாரையோடு வந்தவர்களை அவளே தடுத்தாள். "இன்னும் ஆடுது. யாரும் எறங்காதீங்க."

இன்று லென்ஸ் வைத்துப் பார்த்தாள். பாறை நழுவினால் முதல் அலையைத் தொடர்ந்து பலமான குலுக்கல் வரும். இதில் குலுக்கலே இல்லை. ஊசி சட்டென்று மேலே எகிறி அடங்கியிருந்தது. ஒரே குத்து.

வேட்டு.

அப்படியானால் பின்னதிர்வுகள்?

மூன்று துடிப்பு. இடைவெளி. மூன்று துடிப்பு.

பூமிக்கு எண்ணத் தெரியாது.

முதுகுக்குப் பின்னால் ஊசி கிறீச்சிட்டது. திரும்பினாள். புதுத் தாளில் மூன்று துடிப்பு. இடைவெளி. மூன்று.

படிக்கட்டில் காலடி. தூக்குச்சட்டியோடு அய்யா இறங்கி வந்தார்.

"ஏத்தா, சாப்புடாம பூமிக்கு நாடி பாக்குறியாக்கும்?"

ஊசியைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது.

"அய்யா, கெணத்துப் பாறைக்கு வேட்டு வச்சீகளா?"

அவர் தூக்குச்சட்டியைப் படியில் வைத்தார்.

"லைசென்சு இல்லாத வெடிமருந்து. திரி சட்டுனு எரிஞ்சிருச்சு. அவன் பாதிதான் ஏறியிருந்தான். வெளிய தெரிஞ்சா செயிலு தாயி."

"அண்ணன் உள்ளருந்து தட்டியிருக்கு. தாள்ல பாத்தும் எனக்குப் புரியல." பழைய தாளை அவர் முன்னால் நீட்டினாள். "நீங்க கெணத்தடியிலயே கெடந்தீக. உங்களுக்குமா கேக்கல?"

மூன்று.

இடைவெளி.

மூன்று. இப்போது தரையே அதிர்ந்தது.

அய்யா கண்ணை மூடிக்கொண்டார்.

"கேட்டுச்சு தாயி. மூணு நாளும் கேட்டுச்சு. கேட்டுக்கிட்டுத்தான் மண்ணத் தள்ளுனேன்."