பன்னிரண்டு நிமிடம் பாக்கி

"நீங்க எறங்குங்க மாமி. அரை மணி நேரமா நான்—"

"நான் பாத்துண்டிருக்கறது ஒரே ஒரு டீவி. அதுலேந்தும் எறங்கினா நான்—"

"ஒரு டீவின்னா ரெண்டுன்னு ஏன் காட்டுது? போன்லயும் ஓட விட்டுட்டு—"

"போன் அதோ ஃப்ரிட்ஜ் மேல கெடக்கு. போய்த் தொட்டுப் பாரு, ஜில்லுன்னு இருக்கும். வாசல்ல நின்னுண்டு திருடியக் கேக்கற மாதிரி கேக்கறியே."

வைஷாலி வாசலை விட்டு நகரவில்லை. முதல் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்கு ஏறிவந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. மணி நாலுதான். ஆனாலும் அவளுக்குப் பின்னால் படிக்கட்டு இருண்டு கிடந்தது. பைசாக் என்னும் வங்காளக் கோடை மாதத்து மேகம் பாலிகஞ்ச் முழுவதையும் மூடிக்கொண்டு, கொட்டவும் மாட்டேன் போகவும் மாட்டேன் என்று நின்றது.

அந்தப் பழைய வீட்டில் தமிழ்க் குடும்பங்கள் மூன்று, படம் பார்க்கும் சந்தா ஒன்று. மேலே ரங்கநாயகி, பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள், தனியாள். நடுவில் வைஷாலி, வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்ப்பவள். கீழே பூங்கோதையும், லேக் மார்க்கெட்டில் அப்பளமும் இட்லிப்பொடியும் விற்கும் அவள் கணவர் முருகானந்தமும். ஒரே நேரத்தில் இரண்டு திரையில்தான் படம் ஓடும். அதனால் பஸ் சீட்டுக்குப் போல ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பார்க்க உட்காருகிறவர் வாட்ஸப் குரூப்பில் 'ஏறிட்டேன்' என்று போடவேண்டும். முடித்ததும் 'எறங்கிட்டேன்'. இடம் கிடைக்காதவர் கேட்டால், முதலில் ஏறியவர் இறங்கவேண்டும்.

பூங்கோதை செத்து நாற்பது நாள் ஆகிறது. இப்போது பார்ப்பது இரண்டே வீடு, திரையும் இரண்டு. சண்டைக்கே வழியில்லை. ஆனாலும் இரண்டு வாரமாகச் சண்டை.

"சரி, இப்ப பாரு." ரங்கநாயகி எழுந்து டீவியின் பிளக்கைப் பிடுங்கினாள். "நான் எறங்கியாச்சு. உன் போன்ல போடு."

ஓடியது.

"இப்ப நான் போடறேன்."

பிளக்கைச் சொருகி, ரிமோட்டை அமுக்கினாள். திரை கறுத்து, எழுத்து வந்தது. இரண்டு திரைகளில் ஏற்கெனவே பார்க்கிறார்கள்.

வைஷாலியின் போன் ஒன்று. இன்னொன்று?

வைஷாலி உள்ளே வந்து ரிமோட்டை வாங்கி, பெயர்கள் இருக்கும் பக்கத்துக்குப் போனாள். மூன்று வட்டம். ரங்கா. வைஷாலி. பூங்கோதை.

"இத இன்னும் அழிக்கலயா நீங்க?"

"அவ ஆத்துக்காரர் அவளுக்குக் காரியமெல்லாம் பண்ணி முடிக்கட்டும்னு இருந்தேன்."

"காரியம் முடிஞ்சு எத்தனை நாளாச்சு மாமி. கை வரலைன்னு சொல்லுங்க."

பூங்கோதையின் பக்கம் திறந்தது. பனிக்கரடி, தேனீ, பாலைவனத்து எறும்பு, கடலடிப் பாறை. கொலையும் இல்லை, துப்பறிதலும் இல்லை. மேல் வரிசையில் 'தொடர்ந்து பார்க்க' என்பதன் கீழ் ஒரே படம். கறுத்த கடலில் ஒற்றைத் திமிங்கிலம். சிவப்புக் கோடு ஏறக்குறைய முடிவு வரை போய் நின்றிருந்தது. இன்னும் பன்னிரண்டு நிமிடம்.

"கூப்பிட்டுக்கிட்டே போகுதாம் அந்தத் திமிங்கிலம்," என்றாள் வைஷாலி. "பதில் சொல்ற கூட்டம் எங்கயாவது இருக்கான்னு தேடிப் போறாங்களாம். பூங்கோதையக்கா எனக்கு நாலு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாங்க. பாத்துட்டு சொல்லுங்க, சேந்து பேசுவோம்னு."

"எனக்கும்தான்."

"பாத்தீங்களா?"

"நீ பாத்தியா?"

இல்லை. ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. பூங்கோதை எதைச் சொன்னாலும் 'நல்லா இருக்கும் போலயே' என்று குரூப்பில் போட்டுவிட்டு, 'இன்னிக்கு எந்த மிருகமாம்?' என்று தங்களுக்குள் தனியாகச் சிரித்துக்கொள்வார்கள். நுரையீரல் கெட்டு ஆறு மாதம் படுத்துக் கிடந்தவளுக்கு அந்தச் சிரிப்பு தெரிந்திருக்க நியாயமில்லை.

"அவங்க போன அன்னைக்கு நாம என்ன பாத்துட்டிருந்தோம், ஞாபகம் இருக்கா?" வைஷாலி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க இங்க. நான் கீழ. அந்தக் கொலைத் தொடரோட கடைசி எபிசோடு. ரெண்டு பேரும் ஒரே எபிசோடு மாமி."

"நீதான் கொலைகாரன் யாருன்னு முன்னாடியே சொல்லிடுவே. அதனாலதான் உன்னோட உக்காந்து பாக்கறதில்லே."

"ஒரு ரூம்ல உக்காந்திருந்தா அவங்களுக்கு ஒரு திரை இருந்திருக்கும்."

"அவ கேட்டது எனக்கெப்படித் தெரியும்? என் போன் சார்ஜ்ல—"

"குரூப்ல எல்லாரும் பாத்தாதான் டிக் நீலமாகும் மாமி."

அன்று முதலில் ஏறியது ரங்கநாயகிதான். இறங்கவேண்டியதும் அவள்தான். பூங்கோதையின் செய்தி வந்தது. *அக்கா யாராவது எறங்குங்களேன். பன்னெண்டு நிமிசந்தான் பாக்கி.* ரங்கநாயகி படித்தாள். கொலைகாரன் முகமூடியைக் கழற்றப்போகும் இடம். போனைக் கவிழ்த்து வைத்தாள். ஒரு மணி நேரம் கழித்துக் கீழேயிருந்து முருகானந்தத்தின் அலறல் கேட்டது.

"இந்தப் பன்னெண்டு நிமிஷம் அன்னைக்கு நின்ன எடத்துலயே நிக்குது," என்றாள் வைஷாலி மெதுவாக. "ரெண்டு வாரமா யாரோ ஏறியிருக்காங்க, ஆனா படம் ஓடல."

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

படிக்கட்டுக்குக் கீழேயிருந்து. அடிவயிற்றிலிருந்து இழுக்கும் நீண்ட முனகல். மேலே ஏறி, நடுவில் உடைந்து, நின்றது. பதிலுக்குக் காத்திருப்பதுபோல ஒரு இடைவெளி. மறுபடி முனகல்.

"ரயிலா?" என்றாள் ரங்கநாயகி.

"ரயில் இப்பதானே போச்சு."

இருவரும் இறங்கினார்கள். கீழே வர வர, கறிவேப்பிலை வறுக்கும் வாசனை. அதற்கடியில், பூங்கோதை மூச்சுத்திணறலுக்கு நெஞ்சில் தடவிக்கொண்ட நீலகிரித் தைலம். அவள் படுக்கையில் விழுந்த பிறகு அந்த வீட்டில் பொடி வறுக்கவில்லை. கடைக்கு இப்போது அவள் கணவர் வெளியில்தான் வாங்குகிறார்.

முருகானந்தம் கதவைத் திறந்தார். அடுப்பு அணைந்து கிடந்தது. வாசனை அவர் மூக்கில் ஏறியதாகத் தெரியவில்லை.

"அண்ணே, அக்காவோட டேப்லட்ல படம் பாக்கறீங்களா?" வைஷாலி கேட்டாள்.

"நான் எங்கம்மா பாக்கப் போறேன். அவ சேலையில சுத்தி பீரோல வச்சிருக்கேன். நாப்பது நாளா சார்ஜே போடல."

"ஒரு தடவ காட்டுங்களேன்."

மாம்பழ நிறச் சேலைப் பொதியை எடுத்து வந்து கட்டிலில் வைத்தார். பிரித்தார். பித்தானை அமுக்கினார். திரை செத்துத்தான் கிடந்தது. வைஷாலி அதன் முதுகில் கைவைத்து, சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"மாமி, தொட்டுப் பாருங்க."

ரங்கநாயகி தொட்டாள்.

சூடு. நெஞ்சின் மேல் வெகுநேரம் வைத்திருந்து எடுத்ததுபோன்ற சூடு.

"நெஞ்சு மேலதான் வச்சிருந்தா," என்றார் முருகானந்தம், யாரையும் பார்க்காமல். "மத்தவங்க பாக்காங்கன்னு எழுத்து வந்துகிட்டே இருந்துச்சு. அணைச்சிரு புள்ள, நாளைக்குப் பாக்கலாம்னேன். இல்லங்க, ரங்காக்கா எறங்கிருவாங்க, நல்லவங்கன்னா. கண்ண மூடுற வரைக்கும் அதைத்தான் பாத்துகிட்டு இருந்தா."

வெளியே முதல் இடி.

"கேக்கணும்னு இருந்தேன். அவ போன்ல டிக் நீலமா இருந்துச்சு. இந்த வைஷாலிப் புள்ள அன்னைக்கு ராத்திரியே வந்து, அண்ணே நான் பாத்தேன், எறங்கலைன்னு சொல்லி அழுதுட்டுப் போயிருச்சு." அவர் குரலில் கோபம் இல்லை. "நீங்க பாத்தீங்களா அக்கா?"

ரங்கநாயகி வைஷாலியைத் திரும்பிப் பார்த்தாள். இவள் சொல்லிவிட்டாள். நாற்பது நாளாக என்னிடம் மூச்சு விடாமல், இவள் மட்டும் சொல்லிக் கை கழுவிவிட்டாள்.

ஆமாம் என்று ஒரு சொல் போதும். முப்பது வருஷம் பிள்ளைகளின் பொய்யைப் பிடித்தவள் அவள்.

"போன் சார்ஜ்ல இருந்தது," என்றாள். "கை பட்டுத் திறந்திருக்கும்."

முருகானந்தம் தலையாட்டினார். டேப்லட்டை மறுபடி சேலையில் சுற்றத் தொடங்கினார், குழந்தையைச் சுற்றுவதுபோல.

படிக்கட்டில் வைஷாலி அவளோடு ஏறவில்லை. தன் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இனிமே எனக்கு அந்தச் சந்தா வேணாம் மாமி. நான் மொத்தமா எறங்கிக்கறேன். ரெண்டு திரையும் உங்களுக்கே."

கதவு சாத்திக்கொண்டது.

ரங்கநாயகி மேலே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தெரு முழுக்கக் கரண்ட் போயிருந்தது. மரச்சன்னல்கள் அடித்துக்கொண்டன. ஒவ்வொன்றாகச் சாத்தி, இருட்டில் தடவி டீவியின் பிளக்கையும் பிடுங்கினாள். சோபாவின் ஒரு முனையில் உட்கார்ந்தாள்.

டீவி வெளிச்சமாயிற்று.

பிளக் அவள் கையில் இருந்தது.

கறுத்த கடல். ஒற்றைத் திமிங்கிலம். சிவப்புக் கோடு நகரவில்லை. பன்னிரண்டு நிமிடம் பாக்கி.

ஃப்ரிட்ஜ் மேலிருந்த போனை எடுத்து வந்து உட்கார்ந்தாள். மூன்று முறை தப்பாக அடித்து, கடைசியில் குரூப்பில் போட்டாள். *எறங்கிட்டேன்.*

ஒரு டிக். இரண்டு டிக்.

நீலம்.

வைஷாலி பார்த்திருப்பாள். எல்லாரும் பார்த்தால்தானே நீலமாகும். எல்லாரும்.

"நான் எறங்கிட்டேன் பூங்கோதை," என்றாள் திரையைப் பார்த்து. "பாரு. முழுக்கப் பாரு. நானும் கூட உக்காந்து பாக்கறேன்."

படம் ஓடவில்லை.

தைல வாசனை நெருங்கி வந்தது. சோபாவின் மறுமுனை மெல்ல அமுங்கியது. ஆறு மாதம் படுத்துக் கிடந்த ஒருத்தியின் கனம்தான், அதிகம் இல்லை. மூச்சு கேட்டது. ஈரத்தில் இழுபடும் மூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே காத்திருப்பு.

ரங்கநாயகி திரும்பவில்லை. கண் மட்டும் ஃப்ரிட்ஜ் பக்கம், சார்ஜர் சொருகாமல் வெறுமனே தொங்கும் சுவரின் பக்கம் போயிற்று.

காதோரம், கேலியோ கோபமோ இல்லாமல், எப்போதும் கேட்கிற அதே பணிவோடு அந்தக் குரல் கேட்டது.

"போன்ல சார்ஜ் ஏறிருச்சாக்கா?"