சோதனைப் புள்ளி

மலைகளை அளந்தார்கள், கடல்களை அளந்தார்கள். மனித இனம் அளக்காமல் விட்டுவைத்த கடைசிக் கண்டத்தைப் பூகோளம்தான் அளந்தான். அதாவது, அவசரத்துக்கு ஒதுங்கச் சுத்தமான கழிப்பறை எங்கிருக்கிறது என்று தேடித்தரும் இணைய வரைபடம் ஒன்றை உருவாக்கியிருந்தான். இடங்களைச் சேர்ப்பது பொதுமக்கள். பெருமையைச் சேர்த்துக்கொள்வது அவன். 'பூகோளம்' என்று நண்பர்கள் கிண்டலுக்கு வைத்த பெயரைக்கூடப் பட்டமாகத்தான் எடுத்துக்கொண்டான்.

சாயங்கால மழை. மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் கைபேசியோடு கால்நீட்டியிருந்தவன் கண்ணில் வரைபடத்தில் யாரோ எழுதிய ஒரு புதுக் கருத்து பட்டது: 'போனேன். சுத்தம். தண்ணீர் நன்றாக வருகிறது.'

அந்தக் கருத்துக்குரிய புள்ளி அவன் வீட்டின் மேலேயே இருந்தது.

வரைபடம் வேலை செய்கிறதா என்று பார்க்க, ஆரம்பத்தில் அவனே குத்திய புள்ளி. 'எந்நேரமும் திறந்திருக்கும். தட்ட வேண்டாம், நேராக உள்ளே வரலாம்' என்று விளையாட்டாக எழுதியிருந்தான். பிறகு அதை எடுக்கவே இல்லை.

"எவனோ கலாய்க்கிறான்" என்று சொல்லிக்கொண்டான். சிரிப்பு வரவில்லை. மழையின் இரைச்சலுக்கு அடியில், கழிப்பறையும் சேர்ந்த குளியலறையின் கதவிடுக்கிலிருந்து சோப்பு வாசனையோடு இன்னொன்றும் கசிந்து வந்தது. நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த வாடை.

கழிப்பறைக்கு வந்தவர்கள் வரைபடத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் எண்ணிக்கை ஏறும். வரிசையில் நிற்பவர்களின் வசதிக்காக அவன் செய்த ஏற்பாடு. இப்போது அவன் வீட்டுப் புள்ளியில் ஏறியது. உள்ளே இருப்பவர்: மூன்று.

"ஏம்மா, உள்ள யாராவது இருக்காங்களா?"

"ஆமா, ஊர்வலமே போகுது! குளிக்கிறவகிட்ட கேக்குற கேள்வியா இது?"

எழுந்துபோய்க் கதவைத் தள்ளினான். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. கதவடியில் தெரிந்த வெளிச்சக் கோட்டை ஏதோ மறைத்தது. பக்கத்தில் இன்னொன்று. பாதங்கள்.

உள்ளே இருப்பவர்: ஏழு.

"என்னங்க, உள்ள வந்துட்டீங்களா? கண்ணெல்லாம் சோப்பு. அந்தத் துண்டைக் குடுங்க."

அவன் வாயைத் திறப்பதற்குள் மறுபடி அவள் குரல்.

"ம், வாங்கிட்டேன். கை ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு உங்களுக்கு?"

"நான் வெளிய நிக்கிறேன்! கதவைத் திற!"

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"வெளியவா?" என்றாள், மிகச் சின்னக் குரலில்.

உதைத்தான். கதவு அசையவில்லை. அந்தப் பக்கம் ஒரு கூட்டமே முதுகைக் கொடுத்து நின்றது போல. அவள் அலறத் தொடங்கினாள். பாதியில் அடங்கியது. யாரோ வாயைப் பொத்தினார்கள். மெதுவாக.

எண் ஏறியது. ஏறிக்கொண்டே போனது.

கைபேசியில் 'புள்ளியை நீக்கு' என்ற பொத்தான். அழுத்தினான். கடவுச்சொல் கேட்டது.

வெளிச்சக் கோடு முழுவதும் பாதங்களாக இருண்டது. எல்லா விரல்களும் அவன் பக்கம் திரும்பியிருந்தன.

கடவுச்சொல் அவனுக்கு ஞாபகமில்லை.