இரண்டும் இடது கால்

காலை ஐந்தரைக்கு அப்பாவின் போனில் அலாரம் அடிக்கும். அப்பா சாலமோன் எழுந்து சோறு வைப்பார். பத்து வயது சுகிர்தா பால் வாங்கி வருவாள். ஏழு மணிக்குத் தம்பி தாவீதை எழுப்புவார்கள். ஏழரைக்குச் சண்டை தொடங்கும்.

சண்டை ஷூவுக்காக. தாவீது ஜூனில்தான் எல்.கே.ஜி. சேர்ந்தான். பள்ளியில் ஷூ கட்டாயம். அந்தக் கறுப்பு ஷூவைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவான்.

"டேய், வெளிய வாடா. எட்டு மணிக்கு நான் காக்களூர் கம்பெனில இருக்கணும்."

"வரமாட்டேன். அது கடிக்குது."

"ஷூ இன்னா நாயா, கடிக்கிறதுக்கு?"

அம்மா இறந்து எட்டு மாதம் ஆகிறது. இப்போதெல்லாம் அப்பா பேசுவதெல்லாம் அநேகமாகக் கட்டிலுக்கு அடியில் பார்த்துத்தான்.

அந்த வாரம் மூன்று நாள் அப்பா வேலைக்கு லேட். வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது சொன்னார்: "என்னால முடியல சுகி. ஆரணில சித்தி கிட்ட பேசிட்டேன். திங்கக்கிழமையும் இப்டியே பண்ணான்னா, அவன் அங்கியே படிக்கட்டும்."

சுகிர்தா தம்பியின் தட்டைப் பார்த்தாள். தாவீதும் போய்விட்டால் இந்த வீட்டில் சத்தம் போட யார் இருப்பார்கள்?

மறுநாள் காலை அவனைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"காலைக் காட்டுடா."

குதிகாலுக்கு மேலே தோல் உரிந்து சிவந்திருந்தது.

"நான்தான் சொன்னேனே, கடிக்குதுன்னு" என்றான் அவன்.

அப்பாவிடம் காட்டினாள். "எல்லா ஷூவும் மொதல்ல அப்டிதான்" என்று அவர் வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

தாவீது அழாமல் போட்டது ஒரே ஒரு ஷூதான். போன வருடத்துத் துணி ஷூ. இப்போது சின்னதாகிவிட்டது. அதிலும் இடது கால் மட்டும்தான் மிச்சம். சுகிர்தா அதன் தையலைப் பிரித்தாள். துண்டுகளைச் செய்தித்தாளில் வைத்து, கொஞ்சம் பெரிதாக வரைந்தாள். வெளியே அப்பாவின் கிழிந்த ஜீன்ஸ், உள்ளே பழைய சிவப்புக் கட்டம் போட்ட சட்டை என்று வெட்டினாள்.

ஊசி ஜீன்ஸில் இறங்கவில்லை. விரலில்தான் இறங்கியது. நூலில் மெழுகு தடவிப் பார்த்தாள். இப்போது இறங்கியது. குத்து, இழு. குத்து, இழு. ஆரணியைப் பற்றி நினைப்பதை எப்போது விட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தாவீது பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கை நீட்டும்போதெல்லாம் மெழுகுவத்தியைக் கொடுத்தான். அவ்வளவு நேரம் அவன் ஓரிடத்தில் உட்கார்ந்ததே இல்லை.

ஞாயிறு மதியம் இரண்டாவது ஷூவும் முடிந்தது. இடது கால் அழகாக நுழைந்தது. வலது கால் நுழையவில்லை.

"அக்கா, இது அந்தப் பக்கம் பாக்குது."

இரண்டையும் தரையில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே பக்கம் வளைந்திருந்தன. செய்தித்தாளைத் திருப்பிப் போடாமலே இரண்டு காலுக்கும் வெட்டியிருக்கிறாள்.

கண்ணில் தண்ணீர் முட்டியது. பிரித்துத் தைக்க நேரமே இல்லை. ஆனாலும், தையல் தெரிவதற்காக ஒரு ஷூவை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டித் தரையில் வைத்துவிட்டுக் கத்தரிக்கோல் எடுக்கப் போனாள்.

திரும்பி வந்தவள் அப்படியே நின்றாள். புரட்டிய ஷூ இப்போது மறுபக்கம் வளைந்திருந்தது.

"அதப் போட்றா."

"பிரிக்கலியா?"

"போட்றா மொதல்ல."

வலது கால் நுழைந்தது. ஒரு கால் நீலம். ஒரு கால் சிவப்புக் கட்டம். தாவீது வீட்டைச் சுற்றி ஓடினான்.

அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா இது? ஒரு காலு வேலைக்குப் போவுது, ஒரு காலு கல்யாணத்துக்குப் போவுதா?"

அப்பா கிண்டல் செய்து எவ்வளவோ நாளாகியிருந்தது. அவரே பழைய ரப்பர் மேட்டை வெட்டி, ஷூவுக்கு அடியில் ஒட்டினார். தாவீதின் குதிகாலை ஒரு நிமிடம் கையில் வைத்துப் பார்த்தார். மருந்து போட்டுவிட்டார்.

திங்கட்கிழமை ஏழரைக்குக் கட்டிலுக்கு அடியில் யாருமில்லை. பள்ளி வாசலில் மிஸ் குனிந்து பார்த்தார். அப்பாவும் சுகிர்தாவும் மிஸ் முகத்தையே பார்த்தார்கள்.

"எந்தக் கடையில வாங்கினது?" என்று கேட்டார் மிஸ்.

"கடை இல்ல மிஸ். எங்க அக்கா கம்பெனி" என்று சொல்லிவிட்டு தாவீது உள்ளே ஓடினான். மிஸ் சிரித்துக்கொண்டே வழிவிட்டார்.

அன்று சாயங்காலம் சித்தியின் போன் வந்தது.

"மாமா, புள்ளய கூட்டினு போக எப்ப வரட்டும்?"

அப்பா சுகிர்தாவைப் பார்த்தார். போனை அவளிடம் கொடுத்தார்.

"வாங்க சித்தி" என்றாள் சுகிர்தா. "நாலு நாள் இருந்துட்டுப் போங்க. ஆனா போவும்போது தனியாத்தான் போவணும்."