ஊருக்கு ஒரு பக்கம்

காலை பதினொரு மணிக்கு அறிவுச்செல்வி இணையத்தில் ஏற்றிய பக்கத்தை, தேடுபொறி வெள்ளிக்கிழமையே வந்து பார்த்துவிட்டுப் போனதாக ரிப்போர்ட் சொன்னது. இன்று திங்கள். வெள்ளியன்று அந்தப் பக்கத்துக்காக அவள் ஒரு எழுத்துகூடத் தட்டியிருக்கவில்லை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். தேதி மாறவில்லை. ஃபேர்லேண்ட்ஸ் பகுதியின் அந்த இரண்டாம் மாடி அலுவலகத்தில் ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக வாளியில் விழும் சத்தமும், கீழே பேக்கரியிலிருந்து ஏறிவரும் வெண்ணெய் வாசனையும், சன்னல் திரை ஆடும்போதெல்லாம் சுவரில் ஏறி இறங்கும் சித்திரை வெயிலும் எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. அவளுக்கு மட்டும் பிடரியில் யாரோ ஈரக் கையை வைத்ததுபோல இருந்தது.

பக்கத்து மேசை ரிஹானா எட்டிப் பார்த்தாள். "ரிப்போர்ட்டு சில நேரம் இப்படித்தான்க்கா உளறும். கண்டுக்காதீங்க. தேடுபொறிப் பட்டியலுக்குள்ள ஏற பத்து நாளாவது ஆவும், ஒரே நாள்ல ஏறிருச்சே, சந்தோசப்படுங்க."

சந்தோஷம் அறிவுச்செல்விக்கு விட்டுப்போய் ஒன்பது மாதம் ஆகிறது. போன ஆடிப்பெருக்கன்று மேட்டூரில், காவிரிக்கரைக் கூட்டத்தில், ஏழு வயது மகள் இலக்கியா காணாமல் போனாள். மூன்று நாள் பரிசல் போட்டுத் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. கணவன் அன்பரசு நாலாம் மாதம், "ஒரு சாங்கியமாவது செஞ்சிரலாம் செல்வி, புள்ள அலையும்" என்று அழுதான். அவள் ஒப்பவில்லை. உடலைக் கண்ணால் பார்க்காதவரை பிள்ளை எங்கோ இருக்கிறாள். அந்த ஒரு பிடிவாதத்தில்தான் அவள் எழுந்தாள், குளித்தாள், வேலைக்கு வந்தாள்.

அவளுக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். கல்யாண மண்டபம், போர்வெல் வண்டி, பல் டாக்டர் என்று யாருடைய தளமானாலும் தேடுபொறியின் கண்ணில் படவைப்பது. தேடுபொறி தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டால்தான் தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் கிடைக்கும். ஊர் ஊராகப் போகிற தொழிலென்றால் ஊருக்கு ஒரு பக்கம் போடுவார்கள், சங்ககிரியில் போர்வெல், ராசிபுரத்தில் போர்வெல் என்று. மகளுக்கும் அதையே செய்தாள். எந்த ஊரில் யார் எதைத் தேடினாலும் இலக்கியாவின் முகம் வந்து நிற்க வேண்டும். அடியில் இருவர் போன் நம்பரும் வீட்டு முகவரியும்.

அதில் ஒரு சங்கடம் இருந்தது. ஒரே வாசகத்தை நாற்பது பக்கத்தில் போட்டால் தேடுபொறி ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும். ஒவ்வொன்றும் வேறாக இருந்தாக வேண்டும். தொழில் புத்தி போகுமா? பொய் எழுதினாள். ராசிபுரம் பேருந்து நிலையத்தில் நீலக் கவுனோடு பார்த்தார்கள். திருச்செங்கோட்டில் மொட்டைத் தலையோடு பார்த்தார்கள். சங்ககிரி லாரிப் பட்டறையில் வெறுங்காலோடு நின்றாள். மேட்டூருக்கான பக்கத்தில் மட்டும் பொய் எழுத வரவில்லை. மஞ்சள் சட்டை, படித்துறை, பாசி வழுக்கல், தண்ணீர். நடந்தது அப்படியே. அந்த ஒரு பக்கத்தைத்தான் தேடுபொறி எத்தனை முறை கேட்டும் சேர்க்கவில்லை.

இன்றைக்கு ஏற்றியது ஆட்டையாம்பட்டிக்கு. முறுக்குக் கடை வாசல், பச்சைப் பாவாடை, ஒட்ட வெட்டிய முடி.

நாலேகாலுக்குப் போன் வந்தது.

"ஏனுங்க அம்மணி, ஆட்டையாம்பட்டி வள்ளியாத்தாள் பேசறனுங்க. முறுக்குக் கடை வெச்சிருக்கறனுங்க. உங்க பாப்பா இங்க நிக்குதுங்க. எம்மருமவ போன்ல படத்தப் பாத்துட்டுச் சொன்னாளுங்க. பச்சப் பாவாடைங்க, முடி ஒட்ட வெட்டிருக்குதுங்க. நீங்க போட்டிருக்கறாப்பலயேங்க."

அறிவுச்செல்வி போனை மறு காதுக்கு மாற்றினாள். இலக்கியாவிடம் பச்சைப் பாவாடையே கிடையாது.

"ஏதாச்சும் பேசுச்சுங்களா?"

"பசிக்குது, அம்மா எங்கங்குது. அதையேதான் சொல்லுதுங்க. வேறெது கேட்டாலும் பதிலில்லீங்க."

அந்தப் பக்கத்தின் கடைசி வரி அது. படிக்கிறவர்கள் மனம் இளகட்டும் என்று காலையில் காபி குடித்துக்கொண்டே எழுதியது.

இருந்தும் கணவனுக்குச் சொன்னாள். சொல்லாமல் எந்தத் தாயால் இருக்க முடியும்? அன்பரசு குட்டி லோடு வண்டியைப் பாதிச் சரக்கோடு ஆட்டையாம்பட்டிக்குத் திருப்பினான்.

ஆறு மணிக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. கூடத்தில் நாற்காலியில், கால் தரைக்கு எட்டாமல், இலக்கியா உட்கார்ந்திருந்தாள். அன்பரசு தரையில் அமர்ந்து அந்தக் கால்களைப் பிடித்துக்கொண்டு விம்மினான். "கெடச்சிட்டா செல்வி. நீ சொன்னதுதான் நெசம்."

அவள் ஓடிப்போய் அள்ளிக்கொண்டாள். முகம் அதே முகம். தளத்தில் போட்ட புகைப்படத்தில் இருந்த அதே சிரிப்பு, ஒரு நூல்கூடக் கூடாமல் குறையாமல். தலையில் மூக்கைப் புதைத்து மோந்தாள். ஒன்பது மாதமாக ஒரு பழைய தலையணை உறையில் தேடித் தேடித் தீர்த்துவிட்ட வாசனை. அது வரவில்லை. எண்ணெய் வாசனை, வியர்வை, வெயில், முறுக்குக் கடைப் புகை, எதுவுமே வரவில்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தை மோந்ததுபோல இருந்தது.

மெல்லப் பாவாடையை விலக்கி வலது முழங்காலின் பின்புறம் பார்த்தாள். மூன்று வயதில் பைக் சைலன்சர் சுட்ட தழும்பு அங்கே இருக்கும். எந்தப் பக்கத்திலும் அதை எழுதியதில்லை. எழுத மனம் வராமல் தனக்கென்று வைத்துக்கொண்டது.

வழவழவென்று இருந்தது.

"ஏனுங்க, தழும்பக் காணோமுங்க."

"ஆறிருக்கும்."

"நல்லாப் பாருங்க."

"பாக்க மாட்டன்," என்றான் அன்பரசு. கண்ணை இறுக மூடியிருந்தான்.

"பசிக்குது. அம்மா எங்க?" என்றது பிள்ளை, அம்மாவின் மடியில் இருந்துகொண்டே.

போன் அடித்தது. ராசிபுரம். ஒரு ஆட்டோக்காரர். பாப்பா பேருந்து நிலையத்தில் நிக்குதுங்க, நீலக் கவுனுங்க, நானே கொண்டாந்து உட்டர்றனுங்க. வைத்த கையோடு சங்ககிரி. அதற்குள் இன்னொரு அழைப்பு காத்திருந்தது. திருச்செங்கோடு. மொட்டத் தலைங்க. எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்.

பிள்ளையை நாற்காலியில் இறக்கிவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். ஒவ்வொரு பக்கமாக அழித்தாள். ஆட்டையாம்பட்டி. ராசிபுரம். சங்ககிரி. கடைசியில் தளத்தையே அழித்தாள். முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. திரும்பிப் பார்த்தாள்.

பிள்ளை நாற்காலியில் இருந்தது. அதே சிரிப்பு.

தளத்தில் அழித்தால் மட்டும் போதாது. தேடுபொறி மறுபடி வந்து பார்த்துத் தன் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். அதுவரை அங்கே எல்லாம் இருக்கும். வாடிக்கையாளர்களுக்கு நூறு முறை சொல்லியிருக்கிறாள்.

ரிப்போர்ட்டைப் பார்த்தாள். நாற்பதும் உள்ளே.

மேட்டூரும்.

கடைசியாக வந்து பார்த்த நாள்: போன வருட ஆடிப்பெருக்கு.

அன்பரசின் போன் அடித்தது. எடுத்தான். "ஆமாங்க" என்றான். மறுபடி, "ஆமாங்க." பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"மேட்டூருங்களா?" என்றாள்.

"பரிசக்காரரு." அவன் குரல் யாருடையதோபோல் இருந்தது. "தண்ணி எறங்கிருச்சாம். பாற இடுக்குல. மஞ்சச் சட்ட... செல்வி, எலும்புதானாம். நாயி வருதாம். சீக்கிரம் வந்து எடுத்துக்கச் சொல்றாரு."

அவளுக்குள் ஒன்பது மாதமாக இறுக்கிக் கட்டியிருந்தது அறுந்தது. என் தங்கம், என் சாமி, இத்தனை நாள் அங்கேயே கிடந்தாயா. போக வேண்டும். உடனே. முந்தானையில் அள்ளிக்கொண்டு வர வேண்டும்.

எழுந்து வாசலுக்கு ஓடினாள்.

கேட்டில் ஆட்டோ நின்றது. நீலக் கவுன் இறங்கியது. பின்னால் ஒரு கார். மொட்டைத் தலை. ஒரு பைக். வெறுங்கால். எல்லா முகத்திலும் ஒரே புகைப்படச் சிரிப்பு. ஒன்று வந்து அவள் வலது கையைப் பிடித்தது. ஒன்று இடது கையை. ஒன்று முந்தானையை. உதறினாள். பிடி இளகவில்லை. கொண்டுவந்து விட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"உடுங்க சாமி," என்று கெஞ்சினாள். "எம்புள்ள அங்க தனியாக் கெடக்கறா. நான் போகோணும்."

"அம்மா," என்றன எல்லாம்.

தெருமுனையில் மேலும் வண்டிகள் திரும்பின. அன்பரசின் போன் கூடத்தில் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. மேட்டூர்க் கரையிலிருந்து பரிசல்காரர், புறப்பட்டு விட்டார்களா என்று கேட்க.